ஸ்கூபா டேங்க்: ஹைட்ரோ முத்திரை சொல்வதும் சொல்லாததும்

டைவ் படகுகளில் வரிசையாகக் கட்டி நிற்கும் டேங்குகளில் அதிகம் கண்ணில் படுவது 'அலுமினியம் 80'. பெயர்தான் 80, உள்ளே போவது 77.4 கன அடிக் காற்று. தண்ணீர் ஊற்றி அளந்தால் 11.1 லிட்டர் பிடிக்கும். காலியாக இருக்கும்போது எடை ஏறக்குறைய 14 கிலோ. வேலை அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு), அதாவது 207 பார். இப்படி நிரம்பிய ஒரு டேங்க் சட்டென்று வெடித்தால் வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் 450 கிலோஜூல் வரும். ஒரு டன் எடையுள்ள காரைப் பதினைந்து மாடி உயரத்துக்குத் தூக்கிவிடலாம். அதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறோம்.

"ஹைட்ரோ முத்திரை இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. ஹைட்ரோ என்பது டேங்கில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை; அதில் தேறியதற்குத் தோளில் குத்துவதுதான் முத்திரை. அந்த முத்திரை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சி: சோதித்த அன்று டேங்கின் சுவர் விரிந்து மறுபடி பழைய அளவுக்குச் சுருங்கியது. கழுத்து மரையில் கீறல் இருக்கிறதா, அடியில் மாட்டிய ரப்பர் உறைக்குள் உப்பு அரிக்கிறதா, வால்வு சரியான வகைதானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எந்தச் சோதனை எதைப் பார்க்கும், எதைக் கோட்டைவிடும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் டேங்கை நம்பலாம்.

முத்திரை வாசிப்பதும் வெளிப்புறத்தைப் பார்ப்பதும் டேங்க் வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடியவை. வால்வைக் கழற்றுவதும் உள்ளே பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் பயிற்சி பெற்றவர் வேலை. அழுத்தச் சோதனையோ அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு மட்டுமே உரியது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் சரியாகச் செய்தார்களா என்று கேட்கவாவது முடியும்.

தோளில் இருக்கும் எழுத்துகள்

அமெரிக்க விதிப்படி செய்த டேங்கின் தோளில் 'டி.ஓ.டி.-3ஏஎல்3000' என்பது போல ஒரு வரி இருக்கும். டி.ஓ.டி. என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை. 3ஏஎல் என்றால் அலுமினியம். 3ஏஏ என்றால் குரோம்-மாலிப்டினம் எஃகு. கடைசியில் வரும் எண்தான் பி.எஸ்.ஐ. கணக்கில் வேலை அழுத்தம். அடுத்து வரிசை எண், தயாரிப்பாளர் பெயர், முதல் சோதனை நடந்த மாதம், ஆண்டு. மறுசோதனை முத்திரையில் மாதத்துக்கும் ஆண்டுக்கும் நடுவே நான்கு எழுத்துகளோ எண்களோ சதுரத்தின் நான்கு மூலைகள் போலப் பதிந்திருக்கும். சோதித்த நிலையத்தின் அடையாள எண் அதுதான். இடது மேல் மூலையில் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் வாசிக்க வேண்டும். அந்த நான்கும் இல்லாமல் வெறும் மாதமும் ஆண்டும் மட்டும் புதிதாகக் குத்தியிருந்தால் யார் குத்தியது என்று கேளுங்கள்.

எஃகு டேங்கில் தேதிக்குப் பின் கூட்டல் குறி இருந்தால் வேலை அழுத்தத்துக்கு மேல் 10 விழுக்காடு நிரப்பலாம்: 2400 என்பது 2640 ஆகும். அலுமினியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பிய டேங்குகளில் வேலை அழுத்தமும் சோதனை அழுத்தமும் பாரில் தனித்தனியாகப் பொறித்திருக்கும். 232 பார் டேங்கை 348 பாரில், அதாவது ஒன்றரை மடங்கில் சோதிக்கிறார்கள்.

சோதனைக் கெடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ. ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே பார்ப்பது டைவிங் துறையின் வழக்கம். பிரிட்டனில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை கண்சோதனை, 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ. ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகள் இதற்கும் பொருந்தும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் சோதிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, கெடு முடிந்த டேங்கில் ஏற்கெனவே காற்று இருந்தால் அதைப் பயன்படுத்தித் தீர்க்கலாம்; மறுபடி நிரப்பத்தான் கூடாது.

பழைய டேங்க் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்பு ஆண்டு. லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988 நடுப்பகுதி வரை 6351 என்ற அலுமினியக் கலவையில் டேங்க் செய்தது. பிறகு 6061-க்கு மாறியது. 6351-இல் ஒரு கோளாறு உண்டு. அழுத்தம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருந்தாலும், ஆண்டுக் கணக்கில் தாங்கித் தாங்கிக் கழுத்துப் பகுதியில் மெல்ல மெல்லக் கீறல் வளரும். ஹைட்ரோவில் இது சிக்குவதில்லை. ஹைட்ரோ அளப்பது மொத்தச் சுவரின் விரிவை. அதனால்தான் 2007 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இந்தக் கலவை ஸ்கூபா டேங்குகளுக்கு ஒவ்வொரு மறுசோதனையின்போதும் கழுத்தில் எடி கரன்ட் சோதனை, அதாவது மின்காந்தச் சுழலோட்டத்தால் கீறல் தேடும் சோதனை, கட்டாயம். 1990-க்கு முந்தைய அலுமினிய டேங்க் எதையுமே நிரப்ப மாட்டோம் என்று சொல்லும் நிலையங்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நிரப்பும்போது பக்கத்தில் நிற்பது அவர்கள்தானே. குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று அப்படி ஒன்றை வாங்கிவிட்டு அவர்களோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

காலி செய்வது, வால்வைக் கழற்றுவது

வால்வைக் கால் திருப்பு திறந்து மெதுவாகக் காற்றை விடுங்கள். முழு டேங்கானால் இருபது நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. படபடவென்று திறந்தால் உலோகம் குளிர்ந்து வெளியே வியர்க்கும், காது அடைக்கும், டேங்க் நகரும்.

சத்தம் நின்றதும் காலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வால்வுக்குக் கீழே தொங்கும் சிறு குழாய் துருவாலோ அலுமினியப் பொடியாலோ அடைத்திருந்தால் உள்ளே 200 பார் இருக்கும்போதே மீட்டர் பூஜ்யம் காட்டும். வால்வு திறந்தபடியே இருக்க, வாய்ப்புறமாகக் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திப் பாருங்கள். காற்று உள்ளே போய், விட்டதும் திரும்பி வந்தால் வழி திறந்திருக்கிறது.

டேங்கைப் பட்டை போட்டுப் பிடித்துக்கொண்டு, வால்வுக்கு நேரே முகமோ உடம்போ வராதபடி பக்கவாட்டில் நின்று ஸ்பேனரைப் போடுங்கள். முதல் இறுக்கம் விட்டபின் கையாலேயே சுலபமாகச் சுழல வேண்டும். சுழல மறுத்தாலோ 'ஸ்ஸ்' என்று கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறது. சுத்தியலால் தட்டி 'இளக்குவது' இந்த இடத்தில் உயிரைக் கொண்டுபோகும்.

வெளியே, உள்ளே, மரையில்

அடியில் மாட்டிய ரப்பர் பூட், வலை, ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வெளிப்புறச் சேதத்தில் பாதி இவற்றுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். அந்த ரப்பர் பூட்டின் உள்ளே தங்கும் கடல்நீர் காயக் காய உப்பு சேர்ந்துகொண்டே போகும். பெயின்ட் கொப்புளித்திருந்தால் குத்திப் பாருங்கள், கீழே வெள்ளைப் பொடி இருக்கும். எவர்சில்வர் பட்டை நிரந்தரமாகக் கட்டிய அலுமினிய டேங்கில் பட்டைக்கு அடியிலும் அப்படித்தான். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும்.

சுவரின் மேல் நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் வைத்து, பின்னால் விளக்கடித்துப் பாருங்கள். பள்ளமும் வீக்கமும் அதில் தெரியும். வீங்கிய டேங்குக்கு மறுபேச்சே கிடையாது, கழிக்க வேண்டியதுதான். குழி, வெட்டு, கீறல் இவற்றின் ஆழத்தை ஆழமானியால் அளந்து, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் வரம்போடு ஒப்பிட வேண்டும். 'பார்த்தால் பரவாயில்லை போலத்தான் இருக்கிறது' என்பது ஓர் அளவு ஆகாது. கருகிய பெயின்ட், உருகிய பிளாஸ்டிக் போன்ற தீயின் தடயம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அலுமினிய டேங்கின் உலோகம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் விதிப்படி அதைக் கழித்துவிட வேண்டும். சூட்டில் அதன் பதம் போய்விடுகிறது. பவுடர் கோட்டிங் அடுப்பில் வைத்துப் புதுக் கலர் அடித்த டேங்கைச் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

உள்ளே பார்க்க, கழுத்து வழியே இறங்கும் மெல்லிய எல்.இ.டி. விளக்கு வேண்டும். அலுமினியத்தில் மெல்லிய சாம்பல் படலம் இயல்பு. வெள்ளைக் கட்டிகள் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கழுவி எடுத்து அடியில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃகில் லேசான செந்துரு படிந்திருந்தால் உருட்டிச் சுத்தம் செய்யலாம். செதில் செதிலாக உரியும் துரு வேறு கதை. துருவை எடுத்தபின் மீதிச் சுவர் எவ்வளவு என்று அளக்காமல் தேற்றக் கூடாது. எண்ணெய் வாடை வந்தால் டேங்கை மட்டும் கழுவிப் பயனில்லை, நிரப்பிய கம்ப்ரசரின் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரம் செலவிட வேண்டிய இடம் கழுத்து மரை. மரையைத் துடைத்து, பல்மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு, மேல் மரையிலிருந்து கீழே கழுத்து முடியும் இடம் வரை ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். மரை வெட்டிய கருவி விட்ட கோடுகள் மரையோடு சேர்ந்தே ஓடும். கீறல் மரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தாகப் போகும். அடுத்தடுத்த இரண்டு முழு மரைகளை அது கடந்திருந்தால் டேங்க் முடிந்தது. டேங்க் செய்யும்போதே கழுத்தின் உட்புறத்தில் விழும் மடிப்புகள் சில நேரம் கீறல் போலவே தெரியும். அனுபவம் இல்லாதவர் தடுமாறும் இடம் இது. எடி கரன்ட் கருவி இருந்தாலும் அது சைகைதான் கொடுக்கும், முடிவு கண்தான் சொல்ல வேண்டும். 6061 டேங்கில் அந்தக் கருவியை ஓட்டத் தேவையில்லை. ஓட்டினால் பொய்ச் சைகை வந்து நல்ல டேங்கை வீணாகக் கழிக்க நேரலாம்.

தண்ணீர் உறைச் சோதனை

காற்றால் சோதிக்காமல் ஏன் தண்ணீரால்? அமெரிக்க விதியில் சோதனை அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல 5/3 மடங்கு: 3000 டேங்குக்கு 5000 பி.எஸ்.ஐ., 345 பார். அந்த அழுத்தத்தில் 11 லிட்டர் தண்ணீர் தேக்கிவைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3 கிலோஜூல்தான். டேங்க் கிழிந்தால் தண்ணீர் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். 'கொஞ்சம் கூடுதலாகக் காற்றடித்துப் பார்த்துவிடலாம்' என்று யோசிப்பவருக்கு 3-க்கும் 450-க்கும் உள்ள தூரம் போதும்.

நடைமுறை இதுதான். மேலே சொன்ன உள்-வெளிப் பார்வை முதலில். அதில் தோற்றதை அழுத்தத்துக்கே கொண்டுபோவதில்லை. பிறகு டேங்கில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மூடியில் மாட்டி, தண்ணீர் நிறைந்த கனத்த எஃகுத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். இந்தத் தொட்டிதான் 'உறை'. டேங்க் விரிந்தால் உறையில் இருக்கும் தண்ணீர் அதே அளவு வெளியே தள்ளப்பட்டு, அளவுக் குழாயில் ஏறும் அல்லது தராசில் விழும்.

அன்றைய வேலை தொடங்கும் முன் அளவு தெரிந்த மாதிரி உருளையைப் போட்டுக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அழுத்தமும் விரிவும் அதன் அட்டவணையோடு 1 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் இந்த அன்றாடப் பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு அளவை பூஜ்யத்துக்கு வைத்து, பம்ப்பால் 5000 வரை ஏற்றி, குறைந்தது 30 விநாடியும் விரிவு நிற்கும்வரையும் பிடித்து வைக்கிறார்கள். அப்போது காட்டுவது மொத்த விரிவு. அழுத்தத்தை இறக்கியபின் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் நிற்கும் மிச்சம் நிரந்தர விரிவு. உதாரணத்துக்கு, மொத்தம் 80 மி.லி., மிச்சம் 1.2 மி.லி. என்றால் 1.2 ÷ 80 = 1.5 விழுக்காடு. வரம்பு 10 விழுக்காடு. அதைத் தாண்டினால் உலோகம் இழுபட்டுவிட்டது, இனி திரும்பி வராது என்று பொருள்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். டேங்கில் ஊற்றிய தண்ணீரும் உறைத் தண்ணீரும் ஒரே சூட்டில் இல்லாவிட்டால், யாரும் தொடாமலேயே அளவுக் குழாயில் மட்டம் நகரும். டேங்கின் அடிக்குழிவில் ஒட்டிய காற்றுக் குமிழ் சோதனை நடுவே கழன்றாலும் அளவு தப்பும். நிரந்தர விரிவு பூஜ்யத்துக்குக் கீழே போனால் 'அருமையான டேங்க்' என்று யாராவது சொல்லக்கூடும்; உண்மையில் உறை ஒழுகுகிறது அல்லது தண்ணீர் ஆறுகிறது. அழுத்தம் இறங்கிக்கொண்டே அளவு மட்டும் நிற்காமல் ஏறினால், பெரும்பாலும் மூடி இணைப்பில் கசிந்து டேங்குத் தண்ணீர் உறைக்குள் வருகிறது.

ஒரு விதியைச் சில இடங்களில் சத்தமில்லாமல் மீறுகிறார்கள். சோதனைக்கு முன் கசிவு பார்ப்பதற்காக அழுத்தம் ஏற்றினால் அது சோதனை அழுத்தத்தின் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முதல் ஏற்றத்திலேயே இழுபட வேண்டிய உலோகம் இழுபட்டுவிட்டால் இரண்டாவது ஏற்றத்தில் அது அடக்கமாக நடந்துகொள்ளும். கெட்ட டேங்க் நல்ல எண் காட்டும். கருவிக் கோளாறால் சோதனை பாதியில் கெட்டால், மறுமுறை 10 விழுக்காடு அல்லது 100 பி.எஸ்.ஐ., இரண்டில் எது குறைவோ அதைக் கூட்டித்தான் சோதிக்க வேண்டும்.

தோற்ற டேங்கின் வகை எண் மீதும் அழுத்த எண் மீதும் வரிசையாகப் பெருக்கல் குறி அடிப்பார்கள், உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள். அதை வாங்கி வந்து மூலையில் வைக்காமல், அங்கேயே துளையிட்டோ அறுத்தோ தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பட்டறையில் அந்தக் குறிகள் தேய்க்கப்பட்டு அது மறுபடி கடலுக்குப் போகும்.

வால்வைத் திரும்பப் பூட்டும்போது

தேறிய டேங்கை உடனே தலைகீழாக வடித்து, உலர்ந்த இளஞ்சூட்டுக் காற்றால் காயவைக்க வேண்டும். எஃகில் சற்றே தாமதித்தாலும் துரு பூக்கும்.

அடுத்து, எல்லாச் சோதனையையும் வீணாக்கக்கூடிய ஒரு தவறு. அலுமினியம் 80-இன் கழுத்தில் இருப்பது முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 14 சுற்று கொண்ட மரை. ஐரோப்பிய டேங்குகளில் எம்25×2 மரை. எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் கொஞ்சம் லொடலொடவென்று ஏறிக்கொள்ளும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அழுந்துவதால் குறைந்த அழுத்தத்தில் காற்றும் ஒழுகாது. நிரப்பும்போது மரை நுனிகள் மட்டும் பற்றிக்கொண்டிருக்க, வால்வு துப்பாக்கிக் குண்டு போலப் புறப்படும். வால்வில் பொறித்த மரை அளவைப் படித்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மரை அளவியால் அளந்து பாருங்கள். கையால் ஏற்றும்போது ஆட்டம் இருந்தால் பூட்டாதீர்கள்.

கழுத்து ஓ-ரிங் 214 அளவு; ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். அதன்மேல் மெல்லிய சிலிக்கான் கிரீஸ் போதும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்று) கலக்கத் தூய ஆக்சிஜன் ஏற்றும் டேங்கென்றால் ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸ் தவிர வேறெதுவும் கூடாது, டேங்கும் வால்வும் ஆக்சிஜன் தரத்துக்குக் கழுவியிருக்க வேண்டும். முறுக்குவிசை 40 முதல் 50 அடி-பவுண்டு, அதாவது 54 முதல் 68 நியூட்டன்-மீட்டர். அமெரிக்க வகை வால்வில் இருக்கும் வெடிதகடு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை வெளியே விடும் தகடு, டேங்கின் அழுத்தத்துக்குப் பொருந்த வேண்டும்: 3000 டேங்குக்கு 4500-க்கும் 5000-க்கும் நடுவே கிழியும் தகடு. பழசு கிழிகிறதே என்று இரண்டு தகட்டை அடுக்கிப் போடுவது கேள்விப்படாத வித்தையல்ல. அப்படிச் செய்தால் தகடு இருந்தும் இல்லாதது போலத்தான். ரெகுலேட்டரை வால்வோடு பிடித்துவைக்கும் கவ்வி யோக்; அது அமரும் வால்வு முகத்தில் இருக்கும் சின்ன ஓ-ரிங் 014. படகில் 'ஸ்ஸ்' என்று கேட்கும் கசிவில் பெரும்பாலானவை இதன் குற்றம்தான்.

நிரப்புவதும் வைப்பதும்

டேங்குக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? வால்வு வாயில் நிற்கும் ஒரு துளி வழியாக. நிரப்பும் குழாயை மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து ஊதி, குழாயையும் ஊதி, துடைத்துவிட்டு மாட்டினால் உள்துருவின் முக்கிய வாசல் அடைபடும். கடலுக்கு அடியில் டேங்கைச் சுத்தமாக உறிஞ்சிக் காலி செய்வது இன்னொரு வாசல்.

நிமிடத்துக்கு 20 முதல் 40 பார் வேகத்தில் நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் காற்று சூடாகி 207 காட்டும், ஆறியதும் 185-க்கு இறங்கும். அதை ஈடுகட்ட 230 வரை ஏற்றுவது சிலரின் வழக்கம். மெதுவாக நிரப்பினால் அதற்கு அவசியமே வராது. 20 டிகிரியில் 207 இருந்த டேங்க், வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரியை எட்டினால் 235-ஐத் தொடும். கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் வாய் ஜெனரேட்டர் புகைக்கு எதிர்த்திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பியத் தரம் கார்பன் மோனாக்சைடை 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) என்ற வரம்பில் நிறுத்துகிறது. அதற்கு வாசனை கிடையாது. மூக்கை நம்பிப் பயனில்லை.

நீண்ட நாள் வைப்பதென்றால் 20–30 பார் விட்டு, வால்வை மூடி, நிமிர்த்தி வைக்கவும். உள்ளே ஈரம் இருந்தால் அது தடித்த அடிப்பாகத்தில் நிற்கட்டும், மெல்லிய பக்கச்சுவரில் வேண்டாம். விழாதபடி சங்கிலி போடுங்கள். வண்டியில் மட்டும் படுக்கவைத்து, உருளாமல் அண்டைகொடுத்துக் கொண்டுபோகலாம்.

எஃகு டேங்கை நிரப்பிய நிலையில் ஓராண்டு மறந்துவிட்டால், அந்தக் காற்றை அளக்காமல் சுவாசிக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கும். ஆக்சிஜன் அளவி 20.9-க்குப் பதில் 19 காட்டினால் காற்றை வடித்துவிட்டு, அடுத்த வேலையாக உள்ளே விளக்கை இறக்கச் சொல்லுங்கள்.